தகவல் அறிவியலில் பிஎச்டி: தலைப்பு முதலா, கைடு முதலா?

கோப்புமேசை
வணக்கம். நூலக, தகவல் அறிவியலில் முதுநிலை முடித்தவர்கள் பிஎச்டிக்குப் போகும்போது எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்? தலைப்பை வைத்துக்கொண்டு கைடைத் தேடுவதா, கைடைப் பிடித்துவிட்டு அவர் துறையில் இறங்குவதா? என் மனதில் இருக்கும் தலைப்பு: "ஆராய்ச்சி மாணவர்களின் மின்னூலகப் பயன்பாடு". பகுதிநேரமாகத்தான் செய்ய முடியும். ப்ரொபோசலில் என்ன இருக்க வேண்டும், வேலை எந்த இடத்தில் நின்றுபோகும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சுட்டுவிரல்
இது தலைப்பு, இன்னும் கேள்வியாகவில்லை. இதே பெயரில் ஏராளமான தீசிஸ் இருக்கிறது. எல்லாவற்றிலும் முடிவு ஒன்றுதான்: இத்தனை சதவீதம் பேர் தினமும் பயன்படுத்துகிறார்கள், இத்தனை பேருக்குப் பயிற்சி தேவை. அதைப் படித்து யாரும் எதையும் மாற்றப்போவதில்லை.

கேள்வியாக மாற்ற ஒரு வழி சொல்கிறேன். ஒரே கட்டுரைக்கு முன்பதிப்பு (இதழின் மதிப்பீட்டுக்கு முந்தையது), ஏற்கப்பட்ட வடிவம் (மதிப்பீடு முடிந்து இதழ் ஏற்றது), பதிப்பாளர் வடிவம் (இதழில் வெளியானது) என்று மூன்று பிரதிகள் தேடலில் வருகின்றன. அதில் எதைப் படிப்பது, எதை மேற்கோள் காட்டுவது என்பதை மாணவர்கள் எந்த அடையாளத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்? இதை உட்கார்ந்து கவனிக்க முடியும். விடை இப்படியும் வரலாம், அப்படியும் வரலாம். எப்படி வந்தாலும் தேடல் பக்கத்தை வடிவமைப்பவருக்கு அதில் ஒரு செய்தி இருக்கும்.

சோதித்துப் பார்க்க எளிய முறை ஒன்று உண்டு. வரக்கூடிய மூன்று விடைகளை முன்கூட்டியே எழுதுங்கள். மூன்றுக்கும் ஒரே பரிந்துரைதான் எழுத வருகிறது என்றால் அந்தக் கேள்வியைக் கைவிட்டுவிடலாம்.

இன்னொன்று, "தகவல் அறிவியல்" என்ற பெயருக்குள் ஒன்றுக்கொன்று அதிகம் பேசாத பல துறைகள் இருக்கின்றன. தகவல் மீட்பு (தேடல் தொழில்நுட்பம்), தகவல் நடத்தை (மக்கள் தகவலைத் தேடிப் பயன்படுத்தும் விதம்), பிப்ளியோமெட்ரிக்ஸ் (கட்டுரை, மேற்கோள் எண்ணிக்கைகளை ஆராய்வது), அறிவு ஒழுங்கமைப்பு, ஆவணக்காப்பு, தரவுப் பராமரிப்பு, தகவல் கொள்கை. தகவல் மீட்புக்காரர்கள் சிகிர் மாநாட்டுக்கு எழுதுவார்கள். பிப்ளியோமெட்ரிக்ஸ்காரர்கள் 1978 முதல் வரும் சயன்டோமெட்ரிக்ஸ் இதழைப் பார்ப்பார்கள். தகவல் நடத்தைக்காரர்கள் ஜர்னல் ஆஃப் டாக்குமென்டேஷன் பக்கம் போவார்கள். எந்த வீட்டுக்குள் நுழைகிறீர்கள் என்று தெரியாமல் ப்ரொபோசல் எழுதினால், முறையியல் ஒரு துறையிலும் இலக்கிய ஆய்வு இன்னொரு துறையிலும் நிற்கும்.

வேர்ச்சொல்
என் கருத்து வேறு. கைடுதான் முதல். கேள்வி முதல் வருஷத்துல எப்படியும் இரண்டு மூணு தடவை மாறும். கைடு மாறினா ஒரு வருஷம் போயிடும்.

பார்க்க வேண்டியது இது:
அவருடைய கடைசி 5 வருஷக் கட்டுரைகள். பேர்ல மட்டும் இருக்காரா, முறையியலை அவரே செய்யறாரா?
அவரிடம் முடிச்சவங்க எத்தனை பேர், எத்தனை வருஷத்துல முடிச்சாங்க, விட்டுட்டுப் போனவங்க எத்தனை பேர். முடிச்சவங்க பட்டியல் இணையத்துல கிடைக்கும். விட்டுட்டுப் போனவங்களைப் பற்றி இப்ப இருக்கற மாணவர்கள்கிட்டதான் கேட்கணும்.
மாணவர் செஞ்ச வேலையில முதல் ஆசிரியர் யார்னு பாருங்க. எல்லாத்துலயும் கைடு பேரே முதல்ல இருந்தா யோசிங்க.
ஓய்வு பெறும் ஆண்டு. பகுதிநேர மாணவருக்கு 6 வருஷம்கூட ஆகலாம், அதுக்குள்ள அவர் போயிடக் கூடாது.
அவர் இல்லாட்டி அந்தத் துறையில உங்க முறையியல் தெரிஞ்ச இன்னொருத்தர் இருக்காரா?

முதல் மெயில் 200 சொல்லுக்கு மேல வேண்டாம். அவருடைய ஒரே ஒரு கட்டுரையைச் சொல்லி, அதுல எந்த இடம் திறந்தே இருக்குன்னு ஒரு பத்தி. உங்க கேள்வி ஒரு வாக்கியம். எந்தத் தரவு உங்க கைக்கு எட்டும்னு ஒரு வாக்கியம். சி.வி. இணைப்பு. "தங்கள் மேலான வழிகாட்டுதலில் எந்தத் தலைப்பானாலும்"னு எழுதினா அந்த மெயிலுக்குப் பதில் வராது.

சுட்டுவிரல்
வேர்ச்சொல் சொன்னதில் ஒரு வரிதான் முக்கியம்: எந்தத் தரவு கைக்கு எட்டும். என்னைக் கேட்டால் கைடுக்கும் முன்னால், கேள்விக்கும் முன்னால், தரவைத்தான் பார்க்கச் சொல்வேன். இந்தத் துறையில் வேலை நின்றுபோவது பெரும்பாலும் அங்கேதான்.

மின்னூலகப் பயன்பாட்டையே எடுத்துக்கொள்வோம். "பயன்பாட்டுத் தரவு நூலகத்திலேயே இருக்கிறது" என்று நினைப்போம். பதிப்பாளர்கள் தருவது கவுன்ட்டர் அறிக்கை. அதில் இந்த இதழ் இந்த மாதம் இத்தனை முறை திறக்கப்பட்டது என்ற கூட்டுத்தொகை மட்டும்தான் வரும். யார் திறந்தார், என்ன தேடி வந்தார், அடுத்து எங்கே போனார் என்பதெல்லாம் அதில் கிடையாது. பயனர் நடத்தையை ஆராயப்போகிறேன் என்று ப்ரொபோசல் எழுதிவிட்டு, இரண்டாம் ஆண்டில் இந்த அறிக்கையைத் திறந்து பார்த்தால் அதோடு ஆய்வு முடிந்தது.

யார், எப்போது, எந்த முகவரி என்ற விவரம் மாணவர்களை நூலகம் வழியாகச் சந்தா தளங்களுக்குள் விடும் ப்ராக்ஸி சர்வரின் லாக் (பதிவு) கோப்பில் இருக்கும். ஆனால் அதில் பயனர் பெயரும் இருக்கும் என்பதால் எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் இல்லாமல் தொடக்கூடாது. பல இடங்களில் லாக் கோப்புகளைச் சில மாதங்களிலேயே அழித்துவிடுவார்கள். பழையதைக் கேட்டால் கிடைக்காது, இன்றிலிருந்து சேமிக்கச் சொல்ல வேண்டியிருக்கும். சர்வரைக் கவனிப்பவர் வாய்மொழியாகச் "சரி" என்பது அனுமதி ஆகாது. கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவரிடம் எழுத்தில் வாங்க வேண்டும்: எந்தப் புலங்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, பெயரை நீக்கிக் கொடுப்பது யார், ஆய்வு முடிந்ததும் கோப்பு என்ன ஆகும்.

வெளியார் தளத்தை நம்பினால் நிலைமை இன்னும் மோசம். மைக்ரோசாஃப்ட் அகாடமிக் என்ற கட்டுரைத் தேடல் தளம் 2021 இறுதியில் மூடப்பட்டது. ட்விட்டர் ஆய்வாளர்களுக்குத் தந்த இலவச அணுகல் 2023இல் போய்விட்டது. ஃபேஸ்புக் தரவுக்குப் பலர் நம்பியிருந்த க்ரவுட்டேங்கிள் 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. ஒரு பிஎச்டியின் காலம் இந்தத் தளங்கள் தரும் வாக்குறுதியைவிட நீளமானது. அதனால் தளம் மூடினாலும் கேள்வி உயிரோடு இருக்குமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவுகோல்
சர்வே என்று முடிவு செய்பவர்களுக்குச் சில எண்கள்.

"385 பேர் போதும்" என்ற எண் எங்கிருந்து வருகிறது? 95 சதவீத நம்பிக்கை, கூடக்குறைய 5 சதவீதப் பிழை, விகிதம் 50 என்று வைத்துக் கணக்கிட்டால் 384.16 வரும். ஆனால் அந்தக் கணக்கு எளிய வாய்ப்பு மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். முழுப் பட்டியல் கையில் இருக்க வேண்டும், அதிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும். கூகுள் படிவத்தின் இணைப்பை வாட்ஸ்ஆப் குழுக்களில் போட்டு 385 பதில் சேர்த்தால், எண் சரியாக இருக்கும், பிழை வரம்பு பொய்யாக இருக்கும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதலில் விழும் கேள்வி அதுதான். பட்டியலிலிருந்து எடுத்தாலும் ஐந்தில் ஒருவர் பதில் தருவார் என்று வைத்தால் 1,925 பேருக்கு அனுப்ப வேண்டும். பதில் தராத நால்வர் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கும் ஒரு பத்தி எழுத வேண்டும்.

நேர்காணல் என்றால் எழுத்தாக்கும் நேரத்தைக் கணக்கில் சேருங்கள். ஒரு மணி நேர ஒலிப்பதிவுக்கு 4 முதல் 6 மணி நேரம் ஆகும். 20 பேர், ஆளுக்கு 45 நிமிடம் என்றால் 15 மணி நேர ஒலி, 60 முதல் 90 மணி நேர வேலை. மென்பொருள் முதல் வரைவைத் தரும். கலைச்சொல்லிலும் இரு மொழி கலந்த பேச்சிலும் அது தடுமாறும், அதனால் ஒலியோடு வைத்துத் திருத்தியே ஆக வேண்டும்.

அடுத்து, பதில்களுக்குக் கருப்பொருள் குறிகளை இருவர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடும் வேலை. வெறும் ஒப்புமைச் சதவீதத்தை எழுதி அனுப்பாதீர்கள். ஓர் எடுத்துக்காட்டு: 100 பதில்கள். "நம்பகத்தன்மை பற்றிய கவலை" என்ற குறியை இருவரும் சேர்ந்து போட்டது 1 பதிலுக்கு. இருவரும் போடாமல் விட்டது 91. முதலாமவர் மட்டும் போட்டது 4, இரண்டாமவர் மட்டும் போட்டது 4. ஒப்புமை 92 சதவீதம். பார்க்க அழகாக இருக்கிறது. தற்செயலாகவே 90.5 சதவீதம் ஒத்துப்போகும் என்பதால் தற்செயலைக் கழித்து ஒப்புமையை அளக்கும் கோஹன் கப்பா வெறும் 0.16. அந்தக் குறியின் வரையறையே இருவருக்கும் வேறு வேறாக இருந்திருக்கிறது என்று பொருள். அதே வகை அளவான க்ரிப்பன்டார்ஃப் ஆல்ஃபா போட்டால் 0.8க்கு மேல் நம்பலாம், 0.667க்கும் 0.8க்கும் இடையில் தற்காலிக முடிவு மட்டும். எண் குறைந்தால் எண்ணை மாற்றப் பார்க்காமல் குறியேட்டை (குறிகளின் வரையறைப் பட்டியலை) திருத்தி, புதிய பதில்களில் மறுபடி குறியிட வேண்டும். பழைய பதில்களிலேயே பேசித் தீர்த்து எண்ணை ஏற்றுவது ஏமாற்று.

ஆனால் விளக்கவியல் பாணியில் செய்யும் கருப்பொருள் ஆய்வுக்கு இந்த எண்ணே தேவையில்லை என்று சொல்லும் மரபும் இருக்கிறது. எந்த மரபில் நிற்கிறீர்கள் என்பதை முறையியல் அத்தியாயத்தில் எழுதிவிடுங்கள், பாதி சண்டை வராது.

கோப்புமேசை
இதையெல்லாம் பார்த்தால் பிப்ளியோமெட்ரிக்ஸ் எளிது போலத் தெரிகிறதே? மனிதர்களைச் சந்திக்க வேண்டாம், எதிக்ஸ் கமிட்டி சுமையும் குறைவு. வேலைக்குப் போய்க்கொண்டே இரவில் செய்யலாம் அல்லவா?

தாள்வரிசை
இரவில் செய்யலாம்தான். ஆனால் எளிது என்று நினைத்து வந்தால் தரவுச் சுத்திகரிப்பில் ஆறு மாதம் போகும்.

ஆசிரியர் பெயர்தான் முதல் தொல்லை. குடும்பப்பெயர் இல்லாமல் தலைப்பெழுத்து மட்டும் வைத்து எழுதும் வழக்கம் உள்ளவர்கள் தரவுத்தளத்தில் மூன்று நான்கு ஆட்களாகப் பிரிந்து கிடப்பார்கள். ஒரே பெயருள்ள பத்துப் பேர் ஒருவராகச் சேர்ந்திருப்பார்கள். 2012இல் தொடங்கிய ஆர்க்கிட் எண் 16 இலக்கத்தில் ஆளைத் தனித்துக் காட்டும், ஆனால் எடுத்துக்கொண்டவர்களுக்கும் அதைக் கட்டுரையில் சேர்த்தவர்களுக்கும் மட்டும். பழைய கட்டுரைகளுக்கு நீங்கள்தான் உட்கார்ந்து பிரிக்க வேண்டும்: நிறுவனம், இணையாசிரியர், பாடப்பொருள் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். தற்செயலாக ஒரு 200 பெயரை எடுத்து, கையால் சரிபார்த்து, உங்கள் முறை எத்தனை சதவீதம் தவறுகிறது என்று எழுதுங்கள். அந்தப் பிழை எண்ணைப் பலர் தருவதில்லை. தந்தால் தேர்வாளருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

நிறுவனப் பெயரும் அப்படித்தான். ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பத்துப் பதினைந்து எழுத்துக்கூட்டல் இருக்கும்.

இரண்டு தரவுத்தளத்தைச் சேர்த்தால் டிஓஐ (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) வைத்து இரட்டைப் பதிவை நீக்குங்கள். டிஓஐ இல்லாதவற்றுக்குத் தலைப்பு, ஆண்டு, முதல் பக்கம். எந்தத் தேதியில் பதிவிறக்கினீர்கள் என்பதைக் கட்டாயம் குறியுங்கள், மேற்கோள் எண்ணிக்கை நாள்தோறும் மாறும். சந்தா இல்லாதவர்களுக்கு 2022இல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ் திறந்த தரவாகக் கிடைக்கிறது. பரப்பு பெரிது, ஆனால் கட்டுரை வகை, மொழி போன்ற புலங்களில் தவறு உண்டு. உங்கள் மாதிரியில் சோதிக்காமல் நம்ப வேண்டாம்.

எண்களை ஒப்பிடும்போது துறையையும் ஆண்டையும் சமன்செய்யாமல் ஒப்பிடக் கூடாது. கணிதத்தில் 10 மேற்கோளும் உயிர்வேதியியலில் 10 மேற்கோளும் ஒன்றல்ல. ஆய்வுக் கட்டுரையும் மீளாய்வுக் கட்டுரையும் ஒன்றல்ல. ஆய்வு அளவீடுகளைச் சரியாகப் பயன்படுத்துவது பற்றி 2015இல் வந்த லெய்டன் அறிக்கையின் 10 கோட்பாடுகளை ஒருமுறை படித்துவிட்டு, உங்கள் வடிவமைப்பு எந்தெந்தக் கோட்பாட்டை மீறுகிறது என்று எழுதிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. விஓஎஸ்வியூவர் (கட்டுரைத் தொடர்புகளை வரைபடமாக்கும் மென்பொருள்) வரைபடம் ஒரு முடிவல்ல. வண்ணக் கொத்துகளை அச்சிட்டு "நான்கு கருப்பொருள்கள் தெரிகின்றன" என்று எழுதினால், கொத்துகளின் நுணுக்கத்தை நிர்ணயிக்கும் ரெசல்யூஷன் எண்ணைச் சற்று மாற்றினால் ஆறு தெரியுமே என்று கேட்பார்கள். அமைப்புகளை மாற்றி மாற்றி ஓட்டி, எந்தக் கொத்து நிலையாக நிற்கிறது என்று காட்டியபின்தான் அதைப் பற்றிப் பேசலாம். "இந்தத் துறையில் 20 ஆண்டு ஆய்வுகளின் பிப்ளியோமெட்ரிக் பகுப்பாய்வு" என்பதும் சுட்டுவிரல் சொன்ன அதே நோய்தான், கேள்வி இல்லாத தலைப்பு.

மீட்பொறி
தகவல் மீட்புப் பக்கம் வருபவர்களுக்குச் சுருக்கமாக.

ஒப்பிடும் அடிப்படை முறை பலவீனமாக இருந்தால் முன்னேற்றம் எளிதாகக் கிடைத்துவிடும். பத்தாண்டுக் கட்டுரைகளைச் சேர்த்துப் பார்த்தால் அறிவிக்கப்பட்ட முன்னேற்றங்கள் கூடிக்கொண்டே போகவில்லை என்று 2009இலேயே காட்டிவிட்டார்கள். பிஎம்25 என்ற தேடல் தரவரிசைச் சூத்திரத்தை இயல்புநிலை 1.2, 0.75 என்ற எண்களோடு ஓட்டிவிட்டு, உங்கள் மாடலை மட்டும் வாரக்கணக்கில் மெருகேற்றினால் அது நியாயமான ஒப்பீடு இல்லை. இரண்டுக்கும் சமமாக மெனக்கெடுங்கள்.

1992இல் தொடங்கிய ட்ரெக் என்ற தேடல் மதிப்பீட்டு மாநாட்டின் வழிவந்த சோதனைத் தொகுப்புகளில், பங்கேற்ற சிஸ்டங்கள் மேலே கொண்டுவந்த ஆவணங்களை மட்டுமே மனிதர்கள் மதிப்பிட்டிருப்பார்கள். உங்கள் புதிய மாடல் யாரும் மதிப்பிடாத நல்ல ஆவணத்தைக் கொண்டுவந்தால் அது பொருத்தமற்றது என்றே கணக்காகும். முதல் 10இல் எத்தனை மதிப்பிடப்படாதவை என்ற எண்ணையும் அட்டவணையில் போடுங்கள்.

50 கேள்விகள் உள்ள தொகுப்பில் சராசரி மட்டும் போதாது. கேள்விவாரி வேறுபாட்டைக் காட்டி, இணை டி-சோதனை செய்து, பல மாடல்களை ஒப்பிட்டால் தற்செயல் வெற்றிகளைக் கட்டுப்படுத்தும் ஹோம் திருத்தமும் போட வேண்டும். பெரிய மொழி மாடல் பயன்படுத்தினால் இன்னொரு சிக்கல்: பொதுவில் கிடைக்கும் சோதனைத் தொகுப்பை அது பயிற்சியிலேயே பார்த்திருக்கலாம். அதைப் பற்றி ஒரு பகுதி எழுதாமல் இப்போது தப்ப முடியாது.

வேர்ச்சொல்
கோப்புமேசைக்கு, பகுதிநேரம் பற்றி. சேரும் முன்னாடி அந்த நாட்டுல பிஎச்டியோட வடிவம் என்னன்னு பாருங்க. அமெரிக்க முறையில முதல் இரண்டு வருஷம் வகுப்பு, அப்புறம் விரிவான தேர்வு, அப்புறம் ப்ரொபோசலை நேர்ல தற்காக்கணும். வேலையில இருக்கறவங்களுக்கு அந்த இரண்டு வருஷம்தான் கஷ்டம். பிரிட்டிஷ் முறையில பெரும்பாலும் நேரா ஆய்வு, முதல் வருஷ முடிவுல ஒரு மதிப்பீடு, கடைசியில வைவா. பகுதிநேரத்துக்கு அது ஒத்துவரும், ஆனா முறையியலை நீங்களே கத்துக்கணும். வட ஐரோப்பிய நாடுகள்ல பெரும்பாலும் அது சம்பளத்தோட ஒரு வேலை, சில கட்டுரைகளைச் சேர்த்து ஒரு தொகுப்புரை எழுதற தீசிஸ். அங்க முழுநேர வேலையை வெச்சுக்கிட்டு செய்ய முடியாது.

வாரம் 15 மணி நேரத்துக்குக் கீழ போனா, ஒவ்வொரு தடவையும் விட்ட இடத்தை ஞாபகப்படுத்தவே நேரம் போயிடும். அந்த 15ஐயும் ஏழு நாளுக்குப் பிரிக்காம, இரண்டு நீண்ட அமர்வா வையுங்க. மீதி நேரத்துல படிக்கலாம், குறிப்பு எழுதலாம். பகுப்பாய்வும் எழுத்தும் நீண்ட அமர்வுலதான் நடக்கும்.

அளவுகோல்
ப்ரொபோசல் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. சேர்க்கைக்குக் கேட்பது பெரும்பாலும் 1,500 முதல் 2,000 சொல். துறைக் குழுவின் முன் வைப்பது 15 பக்கம் என்று வைத்துக்கொண்டால் என் பங்கீடு: சிக்கல் 1 பக்கம், இலக்கிய ஆய்வு 4, கேள்விகள் அரைப் பக்கம், முறையியல் 6, நெறிமுறையும் தரவுத் திட்டமும் 2, கால அட்டவணையும் இடர்களும் ஒன்றரை. பலர் இலக்கிய ஆய்வுக்கு 9 பக்கம் கொடுத்து முறையியலை ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள். குழு திருப்பி அனுப்புவது அதனால்தான்.

முறையியலுக்குள் ஒரு அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரிசை: எந்தத் தரவு, எப்படிச் சேகரிப்பு, எந்தப் பகுப்பாய்வு, விடை எந்த வடிவில் வரும். ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்தக் கேள்வியை எடுத்துவிடலாம். இலக்கியத் தேடலுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்: தேதி, தரவுத்தளம், தேடுசொல் தொடர், கிடைத்த எண்ணிக்கை, எடுத்தது, விட்டதற்கான காரணம். முறையான மீளாய்வு ஒரு அத்தியாயமாக வரப்போகிறது என்றால் அதை எழுதுவதற்கான வழிகாட்டியான ப்ரிஸ்மா 2020இன் 27 அம்சங்களையும் தொடக்கத்திலிருந்தே பின்பற்ற வேண்டும். முடித்தபின் திரும்பிப் போய் எண்ணிக்கைகளை மீட்க முடியாது.

தாள்வரிசை
மேற்கோள் பட்டியலுக்கு ஸொட்டேரோ போதும், இலவசம். ஏஐ கருவி தந்த மேற்கோளை ஒருபோதும் நேராகச் சேர்க்காதீர்கள். டிஓஐ திறக்கிறதா, அந்தப் பக்கத்தில் அதே தலைப்பும் அதே ஆசிரியரும் இருக்கிறார்களா, அந்தக் கட்டுரை உண்மையில் அதைத்தான் சொல்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். தகவல் அறிவியல் தீசிஸில் இல்லாத கட்டுரைக்கு மேற்கோள் இருந்தால் அதை மன்னிக்க மாட்டார்கள், மன்னிக்கவும் கூடாது.

தரவுக்கு மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். பெயர் நீக்கிய இறுதித் தரவையும் ஸ்கிரிப்டையும் ஸெனோடோ என்ற திறந்த தரவுக் களஞ்சியத்தில் போட்டால் டிஓஐ கிடைக்கும், தீசிஸிலேயே அதைக் குறிப்பிடலாம்.

கோப்புமேசை
எல்லோருக்கும் நன்றி. கேள்வியை இப்படி மாற்றியிருக்கிறேன், சரியா பாருங்கள்: "ஒரே கட்டுரையின் பல வடிவங்கள் தேடலில் வரும்போது, முதலாண்டு ஆய்வு மாணவர்களும் இறுதியாண்டு மாணவர்களும் எந்த அடையாளங்களை வைத்துத் தேர்வு செய்கிறார்கள், அதில் வேறுபாடு உண்டா?" 24 பேரை உட்காரவைத்துத் திரைப்பதிவு, சத்தமாக யோசிக்கச் சொல்லுதல். பிறகு ப்ராக்ஸி லாக்.

சுட்டுவிரல்
முதல் பாதி நன்றாக இருக்கிறது. மூன்று திருத்தம்.

ஒன்று, 12க்கு 12 என்று வைத்து "வேறுபாடு உண்டா" என்று புள்ளியியல் சோதனைக்குப் போகாதீர்கள். வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தால் ஒழிய இந்த அளவில் அது தெரியாது. தெரியாததை "வேறுபாடு இல்லை" என்றும் எழுத முடியாது. எப்படி வேறுபடுகிறார்கள் என்று விவரிக்கும் கேள்வியாக வையுங்கள்.

இரண்டு, நீங்கள் கொடுக்கும் தேடல் பணி செயற்கையாக இருந்தால் அவர்களும் செயற்கையாகவே தேர்வு செய்வார்கள். பாதிப் பணி நீங்கள் தருவது, பாதி அவரவர் சொந்த ஆய்வுக்கு அன்று உண்மையிலேயே தேட வேண்டியது. முதலில் 3 பேரை வைத்து முன்னோட்டம். பணி 40 நிமிடத்தைத் தாண்டினால் பேச்சு குறைந்து வெறும் கிளிக் மட்டும் மிஞ்சும்.

மூன்று, லாக் கோப்பில் வடிவத் தேர்வு முழுதாகத் தெரியாது. பதிப்பாளர் பக்கம் ப்ராக்ஸி வழியாகப் போகும். முன்பதிப்புத் தளம் திறந்த அணுகல் என்பதால் ப்ராக்ஸியைத் தொடாமலே போய்விடும், அதாவது நீங்கள் ஒப்பிட விரும்பும் இரண்டில் ஒன்று மட்டுமே பதிவாகும். அதனால் லாக்கை விட்டுவிடுங்கள். பதிலாக அவர்கள் ஏற்கெனவே எழுதிய அத்தியாயங்களின் மேற்கோள் பட்டியலை அனுமதியோடு வாங்கி, எத்தனை இடத்தில் எந்த வடிவம் காட்டப்பட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். முதலாண்டு மாணவர்களிடம் அத்தியாயம் இருக்காது, அவர்களுடைய ப்ரொபோசலை எடுங்கள். ஒப்புதல் படிவத்தில் திரைப்பதிவுக்கு ஒரு பெட்டி, பட்டியலுக்குத் தனியாக இன்னொரு பெட்டி வையுங்கள். ஒன்றுக்குச் சம்மதித்தவர் மற்றதுக்கும் சம்மதித்தார் என்று ஆகாது.

வேர்ச்சொல்
அந்தப் படிவத்தோட வரைவைத்தான் கைடுக்கு அனுப்பற முதல் மெயில்ல இணைக்கணும். ப்ரொபோசல் அப்புறம் வரட்டும்.